சினப் பாட்டும் தாலாட்டும்

லண்டன் மாநகரின் பிரிக்ஸ்டன் பகுதியில் வளர்ந்த பால் சிமனன், அங்கே காவலர்க்கும் இளைஞர்க்கும் இருந்த பகையைப் பாட்டாக்கினார். 'தி கிளாஷ்' என்னும் பங்க் ராக் குழு 1979இல் அதனை வெளியிட்டது, பாட்டெங்கும் சினம்.

2004இல் 'நுவெல் வாக்' என்னும் பிரெஞ்சுக் குழு அப்பாட்டையே பிரேசில் நாட்டுப் போசா நோவா பாணியில் அமைத்தது. கமீய் என்னும் பாடகி அதைத் தாலாட்டுப் போலப் பாடினார். கேட்டதும் நான் நகைத்தேன். இரண்டாம் முறை நகைக்க இயலவில்லை. நான் அதட்டியபோதெல்லாம் என் மாணவர் ஓசையையே கேட்டனர். குரல் தாழ்ந்தபோதுதான் சொல்லைக் கேட்டனர். இங்கும் அப்படியே, துப்பாக்கியைப் பற்றிய சொற்கள் மென்குரலில் நடுக்கம் தருகின்றன. ஆயினும், சிற்றுண்டி விடுதியில் இது பின்னணியாக ஒலித்தால், காபி அருந்துவோருள் யார் பிரிக்ஸ்டனை நினைப்பார்?