ஏழையின் மனத்துக்கும் ஒரு மணி நேரம்



1918 செப்டம்பர் மாதம். முதல் உலகப் போர் இன்னும் ஓயவில்லை. புடாபெஸ்ட் நகரில், ஹங்கேரிய அறிவியல் கழகத்தின் மண்டபத்தில், நோயாளியைப் பேசவிட்டுக் கேட்டே மனத்துக்குச் சிகிச்சை தரும் உளப்பகுப்பாய்வாளர்கள் கூடியிருக்கிறார்கள். போர்முனையில் மனம் குலைந்து திரும்பிய சிப்பாய்களை என்ன செய்வதென்று தெரியாமல் அரசுகள் திணறிய காலம் அது. அதனால் அரசுப் பிரதிநிதிகளும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மேடையில், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டு ஒரு கட்டுரை படித்தார். அறுவைச் சிகிச்சை பெற ஏழைக்கு எவ்வளவு உரிமை உண்டோ, மனத்துக்கான சிகிச்சையிலும் அவ்வளவு உரிமை உண்டு. காசநோயைப் போல மனக்கோளாறும் பொதுச் சுகாதாரத்தை அரிக்கும் நோய். ஒரு நாள் சமூகத்தின் மனசாட்சி விழிக்கும், அன்று இந்தச் சிகிச்சை இலவசமாகும் என்றார்.

இதைச் சொன்னவர் யார்? அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இலவசச் சிகிச்சை மீது சந்தேகப்பட்டு எழுதிய அதே மனிதர்! சுமார் பத்தாண்டுக் காலம் தினமும் ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம், காசு வாங்காமல் பார்த்தவர் பிராய்டு. கட்டணம் இல்லாவிட்டால் சிகிச்சையை எதிர்த்து மனம் கூடுதலாக முரண்டு பிடிக்கிறது என்று 1913இல் எழுதினார். சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது என்று வாதாடுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே கட்டுரையில், கையில் காசில்லாத சிலருக்கு எந்தத் தடையும் இல்லாமல் மிக நல்ல பலன் கிடைத்தது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பேச்சு பேச்சோடு நிற்கவில்லை. 1920 பிப்ரவரி 14 அன்று பெர்லினில், போட்ஸ்டாமர் வீதியில், முதல் உளப்பகுப்பாய்வுப் பொதுச் சிகிச்சையகம் திறந்தது. மாக்ஸ் ஐட்டிங்கன் என்பவர் தன் குடும்பத்துக் கம்பளித்தோல் வியாபாரத்தில் வந்த பணத்தைப் போட்டு அதை நடத்தினார். அறைகளை அமைத்துக் கொடுத்தவர் பிராய்டின் மகன் எர்ன்ஸ்ட், கட்டடக் கலைஞர். கட்டணம் எவ்வளவு? உங்களால் எவ்வளவு முடியுமோ, முடியும் என்று நீங்களே நினைக்கிறீர்களோ, அவ்வளவு. வருமானச் சான்றிதழ் கேட்டு யாரையும் கூனிக் குறுக வைக்கவில்லை. வீட்டு வேலைக்காரப் பெண்கள் வந்தார்கள், தொழிலாளிகள் வந்தார்கள், ஆசிரியர்கள் வந்தார்கள். குழந்தை உளப்பகுப்பாய்வின் முன்னோடிகளில் ஒருவரான மெலனி கிளைன் அங்கே குழந்தைகளைப் பார்த்தார். பத்தாண்டு முடிவில் கணக்குப் போட்டார்கள்: ஆலோசனைக்கு வந்தவர்கள் 1,955 பேர், சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 721 பேர். அவர்களில் 241 பேர் பாதியில் நின்றுவிட்டதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அந்த அறிக்கையின் மீது எனக்குத் தனி மரியாதை.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். பெர்லின்காரர்கள் ஏழைகளுக்கு ஒரு சிகிச்சையகம் திறந்ததோடு அதே கூரையின் கீழ் ஒரு பயிற்சிக்கூடத்தையும் வைத்தார்கள். உளப்பகுப்பாய்வு கற்க மூன்று காரியம் செய்ய வேண்டும். முதலில், கற்பவர் தாமே இன்னொருவரிடம் சென்று பேசி, தம் மனத்தைத் தாம் பார்க்க வேண்டும். அடுத்து, வகுப்பில் பாடம் கேட்க வேண்டும். மூன்றாவது, நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, வாராவாரம் ஒரு மூத்தவர் முன் உட்கார்ந்து, அவர் இதைச் சொன்னார், நான் இதைச் சொன்னேன், அப்போது அவர் மௌனமாகிவிட்டார் என்று ஒவ்வொன்றாக ஒப்பிக்க வேண்டும். நீங்கள் ஏன் அங்கே அவசரப்பட்டீர்கள் என்று மூத்தவர் கேட்பார். இப்படியே ஆண்டுக்கணக்கில். பயில்பவருக்கு நோயாளி வேண்டும். ஏழைக்குச் சிகிச்சை வேண்டும். மூத்தவரின் காது இருவரையும் காக்கும். அதனால்தான் குறைந்த கட்டணச் சிகிச்சை அங்கே இரண்டாந்தரச் சிகிச்சையாகவில்லை. உலகெங்கும் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி இன்றைக்கும் பெரும்பாலும் இந்த மூன்று கால்களில்தான் நிற்கிறது.

வசதி இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்று நினைப்பீர்கள். வியன்னாவைப் பாருங்கள். 1922 மே 22இல் பெலிகன் சந்து 18ஆம் எண்ணில், இதயநோய்ப் பிரிவின் அறைகளை இரவல் வாங்கி, எடுவார்ட் ஹிட்ஷ்மான் தலைமையில் இதேபோன்ற ஒரு சிகிச்சையகத்தைத் தொடங்கினார்கள். காலையில் இதய மருத்துவர்கள், பிற்பகலில் உளப்பகுப்பாய்வாளர்கள். படுத்துப் பேச மெத்தைக் கட்டில் கிடையாது. நோயாளிகளைப் பரிசோதிக்கும் உயரமான இரும்பு மேசைதான். அதில் ஏறுவதற்கே படி வைக்க வேண்டியிருந்தது. கேட்பவருக்கு வெறும் மர நாற்காலி. 1938இல் நாஜிகள் வந்து மூடும்வரை நடந்தது. வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்க உறுப்பினர்கள் இலவசமாக நோயாளிகளைப் பார்த்தார்கள். நேரம் தர முடியாதவர்கள் பணம் தந்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. அதே 1922இல் கல்கத்தாவில், 14 பார்சிபாகன் சந்து வீட்டில், கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1940இல் அந்தச் சங்கம் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையைத் திறந்தபோது இருந்தவை மூன்றே படுக்கைகள். இடம் கொடுத்தவர் அவருடைய அண்ணன், எழுத்தாளர் ராஜசேகர் போஸ். இலக்கியக் கூட்டத்தில் நின்று இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை.

சரி, இங்கே? அரசு மருத்துவமனையில் மனநல மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது; அது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல மாட்டேன். சென்னையில் 1986 முதல் ‘சினேகா’ என்ற தொண்டு அமைப்பு தற்கொலையைத் தடுக்கப் பாடுபடுகிறது. 2022 முதல் 14416 என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. ஆபத்து வேளையில் இவை உயிரைக் காக்கும். ஆனால் ஒரு தையல் கூடத்துப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தூக்கமில்லை, காரணமில்லாமல் பிள்ளையை அடிக்கிறாள், அடித்துவிட்டு அழுகிறாள். அவளுக்கு வேண்டியது வாராவாரம் அதே கிழமை, அதே நேரம், அதே முகம். பெரிய நகரங்களில் அப்படி ஒரு சிகிச்சை அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கிறார்கள். மாதம் நான்கு அமர்வு என்றால் அவள் வீட்டு வாடகை போய்விடும்.

குறைந்த கட்டணத்தில் பார்க்க ஆள் வேண்டுமென்றால், முதலில் ஆளை உருவாக்க வேண்டும். உளவியல் படித்துவிட்டு, மேற்பயிற்சிக்குக் காசில்லாமல் மனிதவளத் துறை வேலைக்குப் போய்விடும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய சொந்தச் சிகிச்சைக்கும், வாராந்தர மேற்பார்வைக்கும் ஆகும் செலவை ஊர் ஏற்கட்டும். பதிலுக்கு அவர்கள் இந்த ஊரில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம், முடிந்த கட்டணத்துக்கு, மூத்தவரின் மேற்பார்வையில் பார்க்கட்டும். கல்வெட்டில் பெயர் பொறிக்க இடமில்லாத செலவு இது. கட்டடம் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தை இரண்டு பேரின் ஐந்தாண்டுப் பயிற்சிக்குக் கொடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்பேன்.

இப்போதைக்குத் தேவை ஒரே அறை. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். வாசலில் மனநலம் என்ற பலகை வேண்டாம்; பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்வார்கள் என்ற பயத்திலேயே அந்தப் பெண் படியேறாமல் போய்விடுவாள். மருந்துக்கடை மாடியோ, டியூஷன் நடக்கும் இடமோ போதும். சுவர் மட்டும் பேச்சை வெளியே விடக் கூடாது. வாரத்தில் இரண்டு மாலை அப்படி ஓர் அறையைத் தரக்கூடியவர்களும், பயிற்சி பெறும் ஒருவரின் மாதச் செலவில் ஒரு பங்கை ஏற்கக்கூடியவர்களும் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். நன்றியுரை முடிந்த பிறகு நான் இங்கேயேதான் இருப்பேன். வந்து பேசுங்கள்.