சாவி யார் கையில்?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் கக்கூஸைப் பற்றிப் பேசப்போகிறேன். முகம் சுளிக்கிறவங்க சுளிச்சுக்கலாம். தலைமுறை தலைமுறையா நம்ம சனம் கழுவின இடம் அது. அதைப் பேச நம்மைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?

நான் வங்கியில் எழுத்தர். போன ஜூனில் ஒரு அம்மா மகளோடு வந்தாங்க. மகள் பேரில் உதவித்தொகைப் பணம் கொஞ்சம் கிடந்தது. எடுத்துக்கிட்டுக் கணக்கை முடிக்கணும்னாங்க.

"படிக்கிற புள்ள கணக்க எதுக்கும்மா முடிக்கிறீங்க?"

"பெரிய மனுஷியாயிட்டாம்மா. பள்ளிக்கூடத்துல ஒதுங்க எடமில்ல. மாசம் நாலு நாள் வீட்டுல நிக்கிறா. டீச்சர் ஏசுறாங்க, பாடமும் புடிபடல. இனிமே போகமாட்டேங்கிறா."

அந்தப் பிள்ளை கவுண்ட்டர் பேனாவின் கயிற்றைத் திருகிக்கொண்டு நின்றது. எட்டாம் வகுப்பு.

மாதம் மூன்று நாள் என்றே வையுங்கள். பத்து மாதத்தில் முப்பது நாள். முப்பது நாள் வராதவள் பரீட்சையில் தோற்கிறாள், தோற்றவள் நிற்கிறாள். பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று எழுதுவார்கள். தண்ணீர் வராத குழாயை எந்தப் பதிவேட்டிலும் எழுத மாட்டார்கள்.

நானும் அப்படி நின்றிருக்க வேண்டியவள்தான். நான் படித்த பள்ளியில் என் அம்மா தினக்கூலிக்குக் கக்கூஸ் கழுவினாங்க. டீச்சருங்களுக்கு ஒன்று இருந்தது. தொட்டி நிறையத் தண்ணி, உள்ளே தாழ்ப்பாள். அதன் சாவி தலைமையாசிரியை அறை ஆணியில் தொங்கும். மாணவிகளுக்கு இரண்டு, ஒன்றில் கதவில்லை, இன்னொன்றில் தண்ணியில்லை. எனக்குப் பாவாடையில் கறைபட்ட அன்றைக்குச் சாவி கேட்டேன். "அது டீச்சருங்களுக்கு" என்றார்கள். அம்மா துடைப்பத்தோடு எதிரே நின்னாங்க. வாயைத் திறக்கல. அம்மா கழுவிய கக்கூஸுக்குள் அம்மாவின் மகள் போக முடியாது. பையைப் பின்னால் பிடித்து மறைத்துக்கொண்டே ரெண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

அடுத்த மாசத்திலிருந்து அம்மா ஒரு வேலை செஞ்சாங்க. காலையில் கழுவி முடித்து, சாவியைத் திருப்பித் தருவதற்கு முன்னால் என்னை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் காவல் நிப்பாங்க. மத்தியானம் 'திரும்பக் கழுவணும்'னு சாவி வாங்குவாங்க. திருட்டுத்தனந்தான். அந்த அஞ்சு அஞ்சு நிமிஷத்தில்தான் நான் பட்டம் வாங்கினேன். அப்படியொரு அம்மா வாய்க்காத என் சிநேகிதிகள் மூணு பேர் பத்தாவதுக்கு வரவில்லை.

தோழர்களே, தீட்டு என்ற ஒரே சொல்லைத்தான் நம் பிறப்புக்கும் வைத்தார்கள், பெண்ணின் ரத்தத்துக்கும் வைத்தார்கள். மற்றப் பெண்களுக்கு மூணு நாள் தீட்டு. சேரிப் பெண்ணுக்கு மாசம் முப்பது நாளும் தீட்டு, அதற்கு மேல் இந்த மூணு நாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில், எட்டாவது படிக்கும் பட்டியல் சாதி மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுத வைத்தார்கள். மாதவிலக்காம்.

அவர்களை மட்டும் பேசிவிட்டுப் போவது நேர்மையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, பட்டுக்கோட்டைப் பக்கம் வயசுக்கு வந்த சிறுமியைத் தனிக் குடிசையில் வைத்திருந்தார்கள். தென்னை மரம் விழுந்து செத்துப்போனாள். ஒதுக்கி வைத்தது பெற்ற வீடு. நம் சேரியிலும் குச்சு கட்டுகிறோம். அண்ணல் படம் போட்டு மஞ்சள் நீராட்டுக்கு ப்ளெக்ஸ் வைக்கிறோம். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்கு ஒரு கதவு போடலாம் என்று நம்மில் யாருக்கும் தோன்றியதில்லை.

அரசு நாப்கின் கொடுக்கிறதே என்பீர்கள். 2011இல் அறிவித்த புதுயுகம் திட்டம் நல்ல திட்டம், எதிர்க்கவில்லை. ஆனால் நான் கணக்குப் பார்க்கிறவள். வருஷத்துக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. மொத்தம் 108. மாசத்துக்கு 9. அஞ்சு நாளைக்கு ஒன்பது என்றால் ஒரு நாளைக்கு ரெண்டுகூட வராது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது மருத்துவம். துணியும் மோசமில்லை; சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காய்ந்தால் போதும். நம் வீடுகளில் அதைச் சேலைக்கு அடியில் ஒளித்துக் காயவைக்கிறோம். ஈரம் போகாத துணியில்தான் புண்ணும் அரிப்பும். ஆக, கேள்வி நாப்கினா துணியா என்பதில்லை. மாற்றுவதற்கு இடமும், கழுவுவதற்குத் தண்ணியும், காயவைக்க வெயிலும், வெட்கப்படாத வீடும் வேண்டும்.

இன்னொன்று. மாற்றிய நாப்கினை யார் அள்ளுவது? மூடியுள்ள தொட்டி வைக்காமல் குழிக்குள் போட்டால் அடைக்கும். அடைத்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கையால் மலம் அள்ளும் வேலையில் ஆளை அமர்த்தக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. 2022இல் ஈரோடு மாவட்ட அரசுப் பள்ளியொன்றில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியை கைதானார். ஒரு பெண்ணின் சுகாதாரத்துக்காக இன்னொரு சேரிப் பெண் வெறுங்கையால் அள்ளுவாள் என்றால், அந்தச் சுகாதாரம் நமக்கு வேண்டாம். கையுறையோடு, மாசச் சம்பளத்தோடு, நிரந்தரப் பணியாளர் வேண்டும். அந்த வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் வரட்டும்.

2009 கல்வி உரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை என்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் கட்டடத்தை எண்ணிவிட்டுப் போகிறார். நாம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் உங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் பெண் தோழர்களோடு போங்கள். தண்ணி வருகிறதா? உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? சோப்பும் மூடியுள்ள தொட்டியும் உண்டா? கழுவுவது யார், என்ன கூலி? கடைசியாக, சாவி யார் கையில்? பதிலை எழுதி, தேதி போட்டு, பிள்ளைகளின் அம்மாக்களிடம் கையெழுத்து வாங்கி, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

அந்த அம்மாவுக்குப் பணத்தைக் கொடுத்தேன். கணக்கை மட்டும் முடிக்கவில்லை. "இருக்கட்டும்மா, புள்ள திரும்பப் போனா வேணும்" என்றேன். இன்றைக்கும் அதில் இருப்பு பூஜ்யம். அவள் திரும்பப் போவாளா என்பது என் கவுண்ட்டரில் முடிவாகாது. அந்தப் பள்ளிக்கூடத்துக் கதவில்தான் முடிவாகும்.

ஜெய்பீம்.