சிம்பனி யாருடைய சொத்து?

(புதுச்சேரியில் ஆலைத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பனி அரங்கேறியது. அன்றிலிருந்து நம்மிடம் ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது: "சிம்பனி என்கிறார்களே, அது சீமான்கள் கேட்கிற சங்கீதம்தானே?"

அப்படியானால் பண்ணைப்புரத்து ராசையாவின் கைக்கு அது எப்படி வந்தது? அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். அந்தக் குழுவில் பாடியும் ஆர்மோனியம் வாசித்தும் வளர்ந்த பிள்ளை, பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையை முறையாகக் கற்றார்.

சிம்பனி என்பது ஒருவர் பாட, மற்றவர் பக்கவாத்தியம் வாசிக்கும் கச்சேரி அல்ல. எழுபது எண்பது பேர் கூடி வாசிப்பது. ஆலையில் பஞ்சு ஒரு இலாகா, நூல் ஒரு இலாகா, நெசவு ஒரு இலாகா. எல்லாம் சேர்ந்தால்தான் துணி. அங்கேயும் அப்படித்தான். முன்னால் நின்று கோலசைப்பவர் மேஸ்திரி மாதிரி. ஆனால் சம்பளம் பிடிக்க மாட்டார்!

இந்த இசையில் உலகம் நன்கறிந்தது பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனி. 1824 மே 7-ந் தேதி வியன்னாவில் அரங்கேறியது. அப்போது அவருக்குக் காது கேட்காது. பாடகி ஒருத்தி சபையின் பக்கம் திருப்பிய பிறகுதான் கைதட்டலைக் கண்ணால் கண்டாராம். வாத்தியங்களே பேசிவந்த சிம்பனியில் அவர் மனிதக் குரலைப் புகுத்தினார். கடைசிப் பகுதியில் பெருங்கூட்டம் எழுந்து மனிதகுலச் சகோதரத்துவத்தைப் பாடுகிறது. கவிதை ஷில்லருடையது.

1918 டிசம்பர் 31. யுத்தம் ஓய்ந்து ஏழு வாரம். ஜெர்மனியில் மன்னராட்சி வீழ்ந்துவிட்டது. லைப்சிக் தொழிலாளரின் கல்விக் கழகம் இந்தச் சிம்பனிக்கு ஏற்பாடு செய்தது. நடத்தியவர் ஆர்தர் நிகிஷ். இரவு 11 மணிக்கு ஆரம்பம். ஏன் அந்த அகால வேளை? புத்தாண்டு பிறக்கும்போது அந்தப் பாட்டு எழ வேண்டும் என்று! வருஷக் கடைசியில் அதை வாசிக்கும் வழக்கம் லைப்சிக்கில் இன்றும் உண்டு.

ஆனால் நாம் ஏமாந்துவிடக் கூடாது. 1942-ல் ஹிட்லரின் பிறந்தநாளுக்கும் பெர்லினில் இதே சிம்பனிதான். கறுப்பின மக்களை மிதித்து ஆண்ட ரொடீசிய வெள்ளை அரசு, 1974-ல் இதே மெட்டைத் தன் தேசிய கீதமாக்கிக் கொண்டது!

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதா? சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முத்திரை குத்திய பிரெஞ்சு ஆட்சிதான் 1936 ஜூலை 30-ந் தேதி இங்கே வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டது. 12 பேர் மாண்டனர். அதற்காகச் சகோதரத்துவம் என்ற சொல்லையே வேண்டாமென்று நாம் வீசியெறிந்தோமா? இல்லை. அவர்கள் கையிலிருந்து பறித்துக்கொண்டோம். அடுத்த ஆண்டே 8 மணி நேர வேலைச் சட்டமும் வந்தது. லைப்சிக் தோழர்கள் பீத்தோவனைப் பறித்துக்கொண்டதும் இப்படித்தான்.

இப்போது ஒலிபெருக்கியில் அதைப் போடப் போகிறோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். முதல் மூன்று பகுதிகளில் குரலே வராது, "பாட்டு எங்கே?" என்று எழுந்து போய்விடாதீர்கள். நாலாவது பகுதியில், தாழ்ந்த குரலுள்ள பெரிய தந்தி வாத்தியங்களில், அந்த மெட்டு முதலில் மெதுவாக வரும். தாய்மார்கள் முன்னால் வந்து உட்காருங்கள். குழந்தை அழுதால் அழட்டும்.