கையில் தாளம், மேசையில் மெற்றோனோம்

(நூற்றாண்டு விழாப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டை முன்னிட்டுச் சங்கீத அறைக்கு என்ன செய்து கொடுக்கலாம் என்று சங்கத்தில் சில மாதங்களாகக் கதைத்து வருகிறோம். வெளிநாட்டிலிருக்கும் அக்காமார் சிலர், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மெற்றோனோம் வாங்கிக் கொடுத்தால் தாளம் பிசகாது என்றார்கள். ஊரிலிருப்பவர்கள் சிலர், மெஷினோடு பாடிப் பழகினால் சொந்த லயம் வராது என்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. எங்கள் வகுப்புத் தோழிகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அதை உங்கள் முன் வைக்கவே இந்த உரை.

முதலில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். தொண்ணூறுகளில் ஒரு பரிசளிப்பு விழாவில் நாங்கள் ஆறு பேர் ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனை பாடினோம். பல்லவியை நிதானமாகத்தான் தொடங்கினோம். அனுபல்லவியில் கால் எட்டிப் போட்டோம், சரணத்தில் ஓடியே விட்டோம். மிருதங்கம் வாசித்த அண்ணா எங்களை இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். அவர்தான் பிந்துகிறார் என்று நினைத்து நாங்கள் இன்னும் உரத்துப் பாடினோம். இறங்கி வந்ததும், அவர் எங்களைக் கெடுத்துவிட்டார் என்று சங்கீத ரீச்சரிடம் முறைப்பாடு வேறு! ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம், யாரோ பதிவு செய்திருந்த கசற்றைப் போட்டுக் காட்டினார். தொடக்கத்தையும் முடிவையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எங்களுக்கு முகம் வைக்க இடமில்லை.

அன்று படித்த பாடம் இதுதான்: ஓடுகிறவருக்குத் தான் ஓடுவது தெரியாது. தெரிந்த இடம் வந்தால் கால் தானாக எட்டிப் போகும். கடினமான இடத்தில் இழுபடும். பயம் வந்தால் எல்லாமே வேகமாகும். பாடுகிறவரின் காது அந்த நேரத்தில் நல்ல சாட்சி அல்ல. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

வைத்தியத் தொழிலுக்கு வந்த பிறகு அதே பாடத்தை வேறு இடத்தில் படித்தோம். இதயம் நின்ற ஒருவருக்கு நெஞ்சை அழுத்தும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். பதற்றத்தில் கை ஓடிவிடும். களைத்தால் பிந்தும். ஓடினால் இதயம் மீண்டும் இரத்தத்தால் நிரம்ப நேரம் கிடைக்காது. அதனால்தான் பயிற்சியின்போது மெற்றோனோம் வைப்பதுண்டு. சில அதிர்ச்சிக் கருவிகளுக்குள்ளேயே அந்த ஒலி இருக்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் தௌட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பார்க்கின்சன் நோயாளர்கள் சீரான தாள ஒலிக்கு ஏற்ப நடந்து பயின்றபோது நடையின் வேகமும் எட்டின் நீளமும் கூடின. வெளியே ஒலிக்கும் தாளத்தை உடல் பிடித்துக்கொள்ளும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

வைத்தியத்துக்கும் இந்தக் கருவிக்கும் பழைய உறவும் உண்டு. இங்கிலாந்து வைத்தியர் ஜோன் புளோயர் 1707இல், நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடக் கடிகாரத்தைப் பற்றி நூல் எழுதினார். நூறாண்டுக்குப் பின், 1814இல், அம்ஸ்ரர்டாமில் வின்கல் என்பவர் இசைக்கான ஊசலைச் செய்தார். அதை மாற்றியமைத்து 1815இல் காப்புரிமை பெற்றவர் மெல்சல். 1817இல் பேத்தோவன் தன் சிம்பொனிகளுக்கு அந்தக் கருவியின் எண்களைக் குறித்துக் கொடுத்தார். வைத்தியர் நாடியை அளந்தார், இசைக்காரர் வேகத்தை அளந்தார். இரண்டும் அளவுகோல்கள்.

அளவுகோல் என்றால் அதன் எல்லையையும் அறிய வேண்டும். ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும்: நான்கும் இரண்டும் இரண்டுமாக எட்டு அட்சரம். சாதாரண மெற்றோனோம் எட்டுத் தரம் "டிக்" என்னும். எட்டும் அதற்கு ஒன்றுதான். சமம் எது, நாம் ஆவர்த்தனத்தில் எங்கே நிற்கிறோம், எடுப்பு சமத்திலா அரை இடம் தள்ளியா என்பது அதற்குத் தெரியாது. அது கைக்குத்தான் தெரியும். மின்சாரம் அடிக்கடி நின்ற அந்த ஊரடங்கு நாட்களில், விளக்கைச் சுற்றி இருந்து தொடையில் தட்டிப் படித்த தாளம் இன்றும் எங்கள் கையை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று, மெற்றோனோம் நம்மைக் கேட்காது. உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அம்பாப் பாட்டின் அடிக்கு அத்தனை பேரும் சேர்ந்து இழுப்பார்கள். வலை கனத்தால் பாட்டும் கனத்து நிதானமாகும். ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு வருகிற தாளம் அது. நல்ல மிருதங்கக்காரரும் அப்படித்தான், நம்மைக் கேட்டுக்கொண்டே நம்மைப் பிடித்து வைத்திருப்பார். அன்று மேடையில் அந்த அண்ணாவைக் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. மெற்றோனோமோடு எத்தனை மாதம் பாடியிருந்தாலும் அந்தக் கேட்டல் மட்டும் வந்திருக்காது.

ஆகவே பிள்ளைகளே, எங்கள் ஆலோசனை இது. புதுப் பாடத்தை முதலில் கையில் தாளம் போட்டு, மெதுவாகப் பாடுங்கள். எங்கே தட்டு, எங்கே வீச்சு என்பது பிடிபடும்வரை கருவியைத் தொட வேண்டாம். பிடிபட்டதும் மெற்றோனோமை நிமிடத்துக்கு 60இல் வையுங்கள். சரளி வரிசையை முதலாம் காலத்தில் ஓர் ஒலிக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு என்று பாடுங்கள். கை நிற்கக் கூடாது.

அது சீராக வந்தால் 30க்குக் குறையுங்கள். இப்போது இரண்டு அட்சரத்துக்கு ஒரு ஒலிதான் வரும். நடுவிலுள்ள இடம் உங்கள் பொறுப்பு. அதற்குப் பிறகு தோழி ஒருத்தி ஒரு முழு ஆவர்த்தனத்துக்கு ஒலியை நிறுத்தி, அடுத்த சமத்தில் திறக்கட்டும். அந்த ஒலியும் உங்கள் தட்டும் சேர்ந்து விழுந்தால், தாளம் உங்களிடம் வந்துவிட்டது. விலகினால், ஓடினீர்களா இழுத்தீர்களா என்று கண்டுபிடியுங்கள். அதைச் சொல்லித் தருவதுதான் கருவியின் வேலை. கடைசியில் அதை மூடிவைத்து, பாடுவதைத் தொலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். எங்களுக்குக் கசற் செய்த உபகாரத்தை அது உங்களுக்குச் செய்யும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சைக்கு முதல் வாரத்தில் கருவியை வாங்கிக் கொடுத்து, அதோடு பாடு என்று பிள்ளையை வருத்தாதீர்கள். தாளம் நிற்காத பிள்ளை அந்த ஒலியைத் துரத்தித் துரத்திக் களைத்து, பாட்டையே வெறுத்துவிடக்கூடும். பாட்டின் வேகத்தைக் குறையுங்கள், பிள்ளைக்கு நேரம் கொடுங்கள்.

இனிச் சங்கத்துக்கு எங்கள் முடிவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் மெற்றோனோம் தேவையில்லை. தொலைபேசியில் அது இலவசமாகவே கிடைக்கிறது. சங்கீத அறை மேசைக்கு நல்லதாக ஒன்று போதும். மிகுதிப் பணத்தில், வாரம் ஒரு நாள் மிருதங்க ஆசிரியர் ஒருவரை அழைத்து, சிறிய வகுப்புப் பிள்ளைகள் முதல் எல்லோரும் அவரோடு பாடிப் பழக வழி செய்வோம். மேடையேறும் நாளில் மட்டும் மிருதங்கத்தைக் கண்ட எங்கள் நிலை இவர்களுக்கு வர வேண்டாம். ஒரு வருடச் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. அடுத்த வருடத்தை எந்த வகுப்பு ஏற்கும் என்பதை, இன்று தேநீருக்குப் போகும்முன் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த மிருதங்க அண்ணாவிடம் நாங்கள் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த மண்டபத்தில் நின்று இப்போது கேட்கிறோம். அண்ணா, பிந்தியது நீங்கள் அல்ல.