பந்தும் புத்தகமும்

(சங்கத்தின் வெள்ளி விழா மகளிர் கல்வி அரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மகளிர் கல்வியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். இத்தலைப்பில் பேசுவோர் மருத்துவரான பெண்ணையோ, மாவட்ட ஆட்சியரான பெண்ணையோ எடுத்துக்காட்டுவது வழக்கம். நான் இன்று ஒரு காற்பந்து வீராங்கனையின் வாழ்க்கையை உங்கள்முன் வைக்கப் போகிறேன். அதிலும் அவர் படிப்பை இடையில் நிறுத்தியவர். தலைமையாசிரியர் ஒருவர் இப்படிப்பட்ட எடுத்துக்காட்டைக் கூறலாமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகிறேன்.

அவர் பெயர் அசிசத் ஓஷோலா. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா நாட்டினர். லாகோஸ் பெருநகரை அடுத்த இக்கொரொடு என்னும் ஊரில் 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், யொரூபா மொழி பேசும் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தார். அந்த 1994-இல்தான் நைஜீரிய ஆடவர் அணி முதன்முறையாக உலகக் கோப்பையில் கலந்துகொண்டது. ஆனால் அந்நாட்டு மகளிர் அணி அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1991-இல் சீனத்தில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையில் ஆடிவிட்டது. அன்று தொடங்கி 2023 வரை நடந்த ஒன்பது மகளிர் உலகக் கோப்பைகளில் ஒன்றையேனும் அவ்வணி தவறவிட்டதில்லை. பெண்கள் முந்திச் சென்ற துறை அது. ஆயினும், அந்நாட்டிலும் பெண்பிள்ளை பந்தைத் தொட்டால் முகம் சுளித்த வீடுகள் பல இருந்தன.

ஓஷோலாவின் வீடும் அத்தகையதே. மகள் ஆடவர்போல் பந்து உதைப்பதைப் பெற்றோர் விரும்பவில்லை. படித்து நல்ல வேலைக்குச் செல்ல வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அவர்களை நான் குறைகூற மாட்டேன். உழைத்துப் பிழைக்கும் எந்தத் தாய் தந்தையரும் அதையே விரும்புவர். அவ்வீட்டில் அப்பெண்ணின் பக்கம் நின்றவர் அவருடைய பாட்டி. எல்லோரும் ‘வேண்டாம்’ என்றபோது ‘ஆடட்டும்’ என்று துணைநின்றவர் அம்மூதாட்டியே என்பதைப் பிற்காலப் பேட்டிகளில் ஓஷோலா நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

பதின்வயதில் அவர் பள்ளிப் படிப்பை விட்டுப் பந்தாட்டத்திற்குச் சென்றார். லாகோஸ் நகரின் ராபோ என்னும் மகளிர் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் 2013-இல் போர்ட் ஹார்கோர்ட் நகரின் ரிவர்ஸ் ஏஞ்சல்ஸ் கழகத்தில் சேர்ந்தார். உயரமும் வேகமும் உடைய அவர் முன்வரிசை ஆட்டக்காரர் ஆனார். கோல் அடிப்பதே அந்த இடத்தில் ஆடுபவரின் தலையாய கடமை. வெற்றியின் புகழ் முதலில் அவரைச் சேரும். தோல்வியின் பழியும் அவரையே முதலில் சேரும்.

2014-ஆம் ஆண்டு கனடாவில் இருபது வயதிற்குட்பட்ட மகளிருக்கான உலகக் கோப்பை நடைபெற்றது. அப்போது ஓஷோலாவுக்கு வயது 19. வட கொரியாவுடன் நடந்த அரையிறுதியில் நைஜீரியா 6-2 என்ற கணக்கில் வென்றது. அந்த ஆறில் நான்கு கோல்கள் இவர் அடித்தவை. இறுதியாட்டத்தில் ஜெர்மனியிடம் கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலால் நைஜீரியா தோற்றது. கோப்பை கைநழுவினாலும், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும், ஏழு கோல்களுடன் மிகுதியான கோல்கள் அடித்தவர் விருதும் ஓஷோலாவுக்கே வழங்கப்பட்டன. அதே ஆண்டில் நமீபியாவில் நடந்த ஆப்பிரிக்க மகளிர் போட்டியில் நைஜீரியா வாகை சூடியது. ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை என்னும் விருதை அவ்வாண்டு முதன்முறையாக அவர் பெற்றார்.

2015-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. இங்கிலாந்தின் வரலாற்றில் ஒரு செய்தியை இங்குக் குறிப்பிட வேண்டும். அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் 1921-ஆம் ஆண்டு, இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, தன் உறுப்புக் கழகங்களின் ஆடுகளங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அத்தடை நீடித்தது. பெண்களின் உடலுக்கு ஆகாது என்று சொல்லப்பட்டது. பெருங்கூட்டம் திரண்டு அவர்கள் ஆட்டத்தைப் பார்த்த காலத்தில்தான் தடை பிறந்தது. ‘உங்களுக்கு இது ஆகாது’ என்று பிறர் கூறும் சொல்லுக்குப் பின்னால் என்ன அச்சம் ஒளிந்திருக்கிறது என்பதை, வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்ட வரலாறுடைய நமக்கு யாரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

அதே 2015-இல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பையில் ஸ்வீடனை எதிர்த்து நைஜீரியா இரண்டு கோல்கள் பின்தங்கி நின்றபோது, கணக்கைச் சமமாக்கிய கோல் இவருடையது. ஆனால் இங்கிலாந்தில் காலம் எளிதாகச் செல்லவில்லை. 2016-இல் ஆர்சனல் கழகத்திற்கு மாறினார். அக்கழகம் அவ்வாண்டு இங்கிலாந்தின் மகளிர் கோப்பையை வென்றது. எனினும், எதிர்பார்க்கப்பட்ட அளவுக்குக் கோல்கள் அவர் காலிலிருந்து பிறக்கவில்லை. 2017-இல் அவர் சீனத்தின் டாலியன் கழகத்திற்குச் சென்றார். இளமையிலேயே உச்சியைத் தொட்டவர் இனி இறங்குமுகம்தான் என்று நினைக்க இடமிருந்தது. அவரோ முதலாண்டிலேயே அந்நாட்டு லீக்கில் மிகுதியான கோல்கள் அடித்தவரானார். அவர் கழகமும் பட்டம் வென்றது.

மாணவச் செல்வங்களே, அடுத்து வருவதை நீங்கள் சற்று ஊன்றிக் கேட்க வேண்டும். 2019-இன் தொடக்கத்தில் ஸ்பெயினின் பார்சிலோனா கழகத்திற்கு அவர் சென்றார். அவ்வாண்டு மே மாதம் புடாபெஸ்ட் நகரில் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். எதிரணி பிரான்சு நாட்டின் லியோன். ஆட்டம் தொடங்கி முப்பது நிமிடங்களுக்குள் பார்சிலோனா நான்கு கோல்கள் வாங்கிவிட்டது. ஓஷோலா மாற்று ஆட்டக்காரராக உள்ளே இறங்கினார். 89-ஆம் நிமிடத்தில் ஒரு கோல் அடித்தார். 4-1 என்று ஆட்டம் முடிந்தது. தோற்ற ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் அடித்த அந்தக் கோலால் என்ன பயன் என்று கேட்கலாம். அந்த இறுதியாட்டத்தில் கோல் அடித்த முதல் ஆப்பிரிக்கப் பெண் அவரே. தோல்வி உறுதியான பின்னும் ஓட்டத்தை நிறுத்தாதவருக்கே அந்த இடம் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 2021-இல், அதே பார்சிலோனா அக்கோப்பையை வென்றது. 2023-இல் மீண்டும் வென்றது. இரு முறையும் ஓஷோலா அவ்வணியில் இருந்தார். அக்கழகத்திற்காக நூற்றுக்கு மேற்பட்ட கோல்கள் அடித்தார். 2021-22 பருவத்தில் ஸ்பெயின் லீக்கில் 20 கோல்களுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

2023-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே அந்நாட்டின் பிரிஸ்பேன் நகரில் நைஜீரியா 3-2 என வென்றது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஓஷோலா, எதிரணித் தடுப்பாளரும் கோல் காப்பாளரும் தடுமாறிய ஒரு நொடியைப் பயன்படுத்திக் குறுகிய கோணத்திலிருந்து மூன்றாவது கோலை அடித்தார். 2015, 2019, 2023 என மூன்று உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் ஆப்பிரிக்கப் பெண் என்னும் பெருமை அன்று அவருக்கு வாய்த்தது. ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருது இதுவரை ஆறு முறை அவரை வந்தடைந்துள்ளது. அத்தனை முறை பெற்றவர் வேறு எவரும் இலர். பின்னர் 2024-இல் அமெரிக்காவிற்கும், 2025-இல் சவுதி அரேபியாவிற்கும் சென்று ஆடியுள்ளார்.

இத்தனை வெற்றிகளையும் கூறிவிட்டு, வெற்றிக்குப் பின் நடந்த ஒன்றைக் கூறாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். 2016-இல் கேமரூன் நாட்டில் நடந்த ஆப்பிரிக்கப் போட்டியில் நைஜீரியா வாகை சூடியது. ஆறு கோல்களுடன் அப்போட்டியில் முதலிடம் பெற்றவர் ஓஷோலா. கோப்பையுடன் தாய்நாடு திரும்பிய அவ்வணியின் பெண்கள், தங்களுக்குச் சேரவேண்டிய ஊதியமும் ஊக்கத்தொகையும் வரவில்லை என்று தலைநகர் அபூஜாவில் தங்கியிருந்த விடுதியை விட்டு வெளியேற மறுத்தனர். பதாகை ஏந்தித் தெருவில் நடந்தனர். 2019-இல் பிரான்சில் உலகக் கோப்பையை விட்டு வெளியேறிய நாளிலும் நிலுவைத் தொகைக்காக விடுதியிலேயே அமர்ந்து போராடினர். கோப்பையை ஏந்திய கைகளே கோரிக்கைப் பதாகையையும் ஏந்த நேர்ந்தது. திறமை மேடைவரை அழைத்துச் செல்லும். உரிய கூலியைப் பெற்றுத்தர அது மட்டும் போதாது. அதற்கு ஒற்றுமை வேண்டும்; ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் படித்தறியும் கல்வியும் வேண்டும்.

இப்போது தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு வருகிறேன். படிப்பை விட்ட ஒருவரை நான் ஏன் எடுத்துக்காட்டினேன்? படிப்பை விடுங்கள் என்று கூறுவதற்காக அன்று. அவரைப்போல் பள்ளியை விட்டு வந்த பெண்கள் அனைவரும் பார்சிலோனாவை அடைந்துவிடவில்லை. காயம்பட்டு ஒதுங்கியவர்களும், கழகம் கைவிட்டவர்களும் எத்தனையோ பேர் இருப்பர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. பந்து வேண்டுமா, புத்தகம் வேண்டுமா என்று ஒரு சிறுமியைத் தனியே நிறுத்தி நாம் கேட்பதே தவறு என்று கூறவே இவ்வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அக்கேள்வியை எழுப்பியது அச்சிறுமி அன்று. இரண்டுக்கும் இடம் தராத வீடும் பள்ளியும் ஊருமே.

இதில் என் பங்கையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் விளையாட்டுப் பாட வேளையைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொடுத்த தலைமையாசிரியர்களுள் நானும் ஒருவன். மாணவர்கள் அதையும் மீறி மாலையில் தெருவில் ஆடிக்கொண்டனர். மாணவிகளுக்கு அந்த மாலையும் இல்லை. வீட்டில் தண்ணீர்க் குடம் காத்திருந்தது. ஆகவே நான் எடுத்துக்கொடுத்தது அப்பெண்பிள்ளைகளுக்கு நாளெல்லாம் இருந்த ஒரே ஆட்ட நேரம் என்பதை மிகப் பிந்தியே உணர்ந்தேன். இந்நாள்களில் அவ்வேளையை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாக அண்ணல் அம்பேத்கர் 1942-இல் நாகபுரி மகளிர் மாநாட்டில் எடுத்துரைத்தார். அந்த அளவுகோலை இன்று நம் கையில் எடுப்போம். ஓஷோலாவுக்கு ஒரு பாட்டி இருந்தார். பாட்டி இல்லாத பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் தந்து காத்த இச்சங்கம், அந்தப் பாட்டியின் இடத்திலும் அமர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மாணவியர் விடுதியின் பின்புறத்து வெற்றிடத்தைச் செப்பனிட்டு, இரண்டு கோல் கம்பங்களை நட்டு, மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்கென ஒதுக்குங்கள். இரவுப் படிப்பு வழக்கம்போல் நடக்கட்டும்.

லாகோஸ் நகரில் சிறுமியர்க்கான காற்பந்துப் போட்டியைத் தம் பெயரிலான அறக்கட்டளையின் வாயிலாக ஓஷோலா நடத்தி வருகிறார். தமக்குப் பாட்டி திறந்துவிட்ட கதவைப் பிற பிள்ளைகளுக்கும் திறந்து வைக்கிறார். தாய்மார்களே, நாளை மாலை உங்கள் மகள் ஆடப் போகிறேன் என்று வந்து நின்றால், குடத்தை ஒரு நாள் மகனிடம் கொடுத்துப் பாருங்கள்.