குழாய்க்குள் இறங்குகிறவன்

(நெய்யூரில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீடியோ கேம் பத்திப் பேசப்போறேன்னதும் பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிக்கிறது தெரியுது. சிரிங்க. சினிமாவில் யார் நாயகன், யார் அடியாள் என்று நாம் நிறைய எழுதியாச்சு. ஆனா சினிமாவில் நாயகனைப் பார்க்கத்தான் செய்கிறோம். கேம்ல அப்படியில்ல. பயலுவ பேசுறதைக் கேளுங்க. ‘அவன் செத்தான்’னு சொல்ல மாட்டான், ‘நான் செத்துட்டேம்லே’ம்பான். நம்ம பிள்ளைகள் யாருடைய உடம்புக்குள் போய் வருகிறார்கள் என்பது அரசியல் கேள்வியாக்கும்.

எனக்குப் பிடிச்ச ஆளு மரியோ. டி.வி.யில் மாட்டி ஆடுற பெட்டி வந்த காலம். சிவப்புத் தொப்பி, மீசை, தொப்பை. குதிப்பான், குழாய்க்குள் இறங்குவான், காசு பொறுக்கிட்டு வெளியே வருவான். அவன் யாருன்னு அப்போ நான் கேக்கல. 1981இல் ‘டாங்கி காங்’ விளையாட்டில் முதலில் வந்தப்போ அவன் தச்சன். 1983இல் ‘மரியோ பிரதர்ஸ்’ வந்தபோது களம் நியூயார்க்கின் பாதாளச் சாக்கடை. அதனால் அவனைப் பிளம்பர் ஆக்கிவிட்டார் ஷிகெரு மியாமோட்டோ என்ற ஜப்பானியர். உலகத்துப் பிள்ளைகள் தோளில் தூக்கி வைத்த நாயகன் சாக்கடைக்குள் இறங்கினவன்!

அமெரிக்காவில் பிளம்பர் வேலை ஒரு தொழில். கத்துக்கிடுறான், கூலி பேசுறான், மகன் வேற வேலைக்குப் போவான். இங்கே குழிக்குள் இறங்குவது பிறப்பால் தலையில் எழுதப்படுகிறது. மலம் அள்ள ஆள் வைக்கக் கூடாதுன்னு 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொண்ணு. சாவு நிக்கல. சஃபாய் கர்மசாரி அந்தோலன் நடத்திய வழக்கில், சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும்னு 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அது 30 லட்சம் ஆச்சு. மரியோவுக்கு 100 காசு சேர்ந்தா ஒரு உயிர் கூடும். இங்கே உயிர் போன பிறகுதான் காசு. அதுக்கும் எத்தனை ஆபீஸ் படி ஏறணும்!

மாலையில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் இந்த மரியோ கதையைச் சொன்னேன். ‘மரியோ கக்கூஸ்காரனா அண்ணே?’ன்னு ஒருத்தன் கத்த, எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு பையன் மட்டும் சிரிக்கல. அவன் அப்பா செப்டிக் டேங்க் வேலைக்குப் போறவர். பள்ளிக்கூடத்தில் கேட்டா ‘டிரைவர்’னு சொல்லி வச்சிருக்கான். அன்னைக்கு அவன் முகத்தைப் பார்க்காமலே பேசி முடிச்சேன். தப்பு என்னோடது. சாக்கடைன்னதும் சிரிப்பு வருகிற ஊரில், அந்தச் சிரிப்பைக் கேள்வி கேக்காம தகவலை மட்டும் போட்டேன்.

வளர்ந்த பயலுவளுக்கு மரியோ போதாது. அவனுவளுக்கு 2004இல் வந்த ‘ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ்’ சி.ஜே. கறுப்பின இளைஞன். ஊர் திரும்பின உடனே போலீஸ் மடக்கி, காசைப் பிடுங்கி, செய்யாத கொலையில் மாட்டி விடுவேன்னு மிரட்டுது. இதை நம்ம பையனுக்கு யாரும் விளக்க வேண்டாம். சி.ஜே. கடைக்குள் போய்ப் பிடிச்ச உடுப்பை எடுக்கலாம், முடிவெட்டும் கடையில் உட்காரலாம். சலூன் நாற்காலி மறுக்கப்பட்டவர்கள் நம்ம சனங்க. இந்த நாட்டில் பெண்கள் மேல்சீலை உடுக்க 1822இலிருந்து 1859 வரை அடிபட்டிருக்காங்க. அதனால் கேமில் உடுப்புக்காக மெனக்கெடுறவனை வெட்டிப்பயன்னு திட்ட எனக்கு நாக்கு வரல.

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தது படிச்சு, விவாதிச்சு. இவன் விரலாலேயே எடுத்துக்கிடுறான். ஆனா சி.ஜே. சுட்டுத் தள்ளுறதில் நிறையப் பேர் அவனைப் போன்ற சேரிக்காரன்தான். விற்றவன் அமெரிக்கக் கம்பெனிக்காரன். அதையும் பயலுவகிட்ட பேசணும்.

அந்தச் சின்னப் பையன் ஒரு வாரம் வரல. பிறகு வந்தான். ‘அண்ணே, மரியோ மூஞ்சியில ஒண்ணும் மாட்டாமலா இறங்குறாரு?’

‘ஆமா மக்கா.’

‘எங்க அப்பாவும் அப்படித்தான் இறங்குவாரு’ன்னான். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேக்கும்படி சத்தமா.