காண்போம், ஆய்வோம், ஆற்றுவோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழைப்பும் நீதியும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். பொருளோ பெரிது, நேரமோ சிறிது. ஆதலின், உலகெங்கும் பரவிய ஓர் இயக்கத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, பெங்களூரில் குடியேறி வாழும் நமக்கு அது உணர்த்தும் செய்தி யாது என்பதைச் சொல்லி அமைவேன்.

பெல்ஜியம் நாட்டில் 1882-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் கார்டைன். எளிய குடும்பம், தந்தையார் நிலக்கரி விற்றுப் பிழைத்தவர். மைந்தர் குருத்துவக் கல்வி பயிலச் சென்றார். விடுமுறையில் ஊர் திரும்பியபோது, பள்ளியில் உடன் பயின்ற தோழர்கள் ஆலைக் கூலிகளாகியிருந்தனர். அவர்கள் அவரை அந்நியரைப்போல் நோக்கினர். ஒரே தெருவில் வளர்ந்தோரிடையே இத்துணை விலகல் ஏன் என்னும் வினா அவர் நெஞ்சைத் தைத்தது. 1903-இல் தந்தையார் மறைந்தபோது, தம் வாழ்நாளைத் தொழிலாளர்க்கே ஈவதென உறுதி பூண்டார். 1906-இல் குருவானார்.

1912-இல் பிரஸ்ஸல்ஸ் நகரையடுத்த லேக்கன் பங்கில் அவர் பணியேற்றார். அங்கே உழைக்கும் இளம்பெண்களையும் இளைஞர்களையும் சிறு சிறு குழுக்களாகக் கூட்டினார். அவ்வித்து வளர்ந்து 1925-இல் இளங் கிறித்தவத் தொழிலாளர் இயக்கமாயிற்று. அதே ஆண்டில் பதினோராம் பத்திநாதர் அதனை வரவேற்று ஏற்றார்.

அவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு யாது? தொழிலாளர்க்கு இரங்கியோர் அதற்கு முன்னரும் இருந்தனர். தருமம் செய்தோரும் இருந்தனர். ஆனால் கார்டைன், "உங்களுக்காக நாங்கள் செய்வோம்" என்று கூறும் வழியை மேற்கொள்ளவில்லை. இளந்தொழிலாளர் தம் வாழ்வைத் தாமே ஆராய வேண்டும். தம் தோழர்களுக்குத் தாமே துணையாக வேண்டும் என்றார். அதற்கு அவர் வகுத்த நெறி மூன்று படிகளைக் கொண்டது. முதலில் காண்பது: வேலை நேரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, உடன் பணிபுரிபவர் ஏன் நோயுற்றார் என நேரில் அறிவது. அடுத்து ஆய்வது: கண்டது அறத்துக்கு ஒத்ததா எனச் சீர்தூக்குவது. பின்னர் ஆற்றுவது: சிறிதாயினும் கூடிச் செய்யத்தக்க ஒன்றைச் செய்து முடிப்பது. இம்மூன்று படிகளையும் 1961-இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் தம் சுற்றுமடலிலேயே எடுத்துரைத்தார்.

இவ்வழி எளிய வழியன்று. கார்டைனின் முதல் துணைவர்களான பெர்னாண்டு டோனே, பால் கார்சே ஆகிய இருவரும் நாஜிகளின் டாகாவ் வதைமுகாமில் 1945-இல் மாண்டனர். எனினும் இயக்கம் மாளவில்லை. 1957-இல் உரோமை நகரில் ஏறத்தாழ 30,000 இளந்தொழிலாளர் பல நாடுகளினின்றும் வந்து கூடினர். வயதில் மூத்த தொழிலாளர்க்கென உலகக் கிறித்தவத் தொழிலாளர் இயக்கம் 1966-இல் தோன்றியது. 1965-இல் கர்தினாலாக உயர்த்தப்பெற்ற கார்டைன் 1967-இல் மறைந்தார். இந்தியாவிலும், தமிழ்நாட்டிலும், அவ்வியக்கம் வேரூன்றியது.

ஓர் இளந்தொழிலாளியின் மதிப்பு உலகத்துப் பொன் அனைத்தினும் பெரிது என்பது கார்டைன் பலகாலும் வற்புறுத்திய கருத்து. பொன்னைப் பற்றிக் கோலார் தங்கவயலுக்கு அண்மையில் வாழும் நமக்குப் பிறர் சொல்லவேண்டுவதில்லை. வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே நிலத்துள் இறங்கிப் பொன் எடுத்தனர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போன இடம் வேறு. எடுத்தவர் குடும்பங்கள் வேலை தேடிப் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறும் நிலை வேறு. பொன்னுக்குக் கணக்கு வைத்த உலகம், அதை எடுத்த கைகளுக்குக் கணக்கு வைத்ததா?

அன்பர்களே! தங்கவயல் வரை செல்வானேன்? நம் சமையலறைக்குள் நோக்குவோம். விடியலில் நம் வீட்டுக் கதவைத் தட்டிப் பாத்திரம் துலக்கும் பெண்ணும் தொழிலாளியே. தருமபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பிழைப்புத் தேடி வந்து, நம்மைப் போலவே தமிழ் பேசும் பெண்கள் அவர்களுள் பலர். நாமும் குடியேறியோர், அவர்களும் குடியேறியோர். நமக்குச் சங்கம் உண்டு. ஆண்டு விழா உண்டு. அவர்களுக்கு?

இவ்வினாவை எழுப்பி விடை தேடியோர் உள்ளனர். பெல்ஜியத்திலிருந்து 1963-இல் இந்தியா வந்த கத்தோலிக்கத் துறவி ஜீன் டிவோஸ், 1985-இல் தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கினார். கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அது பணியாற்றி வருகிறது. சென்னையில் பிறந்த ரூத் மனோரமா அம்மையார், பெங்களூரில் வீட்டுப் பணிப்பெண்களையும் சேரிவாழ் பெண்களையும் ஒருங்குகூட்டிப் பாடுபட்டு, 2006-இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். 2004-இல் கருநாடக அரசு வீட்டுப் பணிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. 2011 ஜூன் 16 அன்று பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு ஜெனிவாவில் 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆதரித்த வாக்குகள் 396. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இந்தியா அதனை ஆதரித்து வாக்களித்தது. ஆயினும் இன்னும் முறைப்படி ஒப்புதல் தரவில்லை.

"எங்கள் வீட்டில் அவளைக் குடும்பத்தில் ஒருத்தியாகவே நடத்துகிறோம்" என்பர் சிலர். நன்று. ஆயின் குடும்பத்தில் ஒருத்திக்குத் தனிக் குவளை எதற்கு? காய்ச்சலால் இரண்டு நாள் வாராதபோது சம்பளத்தில் பிடித்தம் எதற்கு? அன்பு வேண்டும், ஆனால் அன்பு கூலிக்கு ஈடாகாது. அன்பு நம் மனநிலையைப் பொறுத்தது. உரிமையோ எவர் மனநிலையையும் பொறுத்ததன்று.

"அவளே ஒப்புக்கொண்ட சம்பளந்தானே?" என்பர் வேறு சிலர். இதற்கு 1891-லேயே பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் விடையிறுத்துள்ளார். வறுமைக்கு அஞ்சி, வேறு வழியின்றி ஒருவர் குறைந்த கூலிக்கு இசைவாராயின், அது இசைவன்று, வன்முறைக்கு ஆட்பட்டதே என்பது அவர் கருத்து. இதனை ஏற்க ஒருவர் கத்தோலிக்கராய் இருத்தல் வேண்டுமோ? பசியறிந்தவர் எவரும் ஏற்பர்.

ஆகவே கார்டைனின் மூன்று படிகளை நாமும் ஏறிப் பார்ப்போம். காண்போம்: நம் வீட்டில் பணிபுரிபவர் ஒரு நாளில் எத்தனை வீடுகளில் வேலை செய்கிறார், மதிய உணவை எங்கே உண்கிறார், அவர் பிள்ளைகள் எங்கே பயில்கின்றனர் என்பதை அறிவோம். ஆய்வோம்: அரசு விதித்த கூலியையும் நாம் தரும் கூலியையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஆற்றுவோம்: வார விடுமுறை, நோய்க் கால விடுப்பு, நாம் ஊருக்குச் செல்லும் நாட்களுக்கும் குறையாத சம்பளம், ஆண்டுதோறும் ஊதிய உயர்வு ஆகிய இந்நான்கையும் எழுத்தில் தருவோம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அப்பெண்களுக்காக நாம் கூடி முடிவு செய்ய வேண்டா. அவர்களே கூடிப் பேசுவதற்கு ஞாயிறு மாலையில் நம் சங்கக் கூடத்தைத் திறந்துவிடுவோம். அங்கே தலைமை அவர்களுடையதாகட்டும். நாற்காலி எடுத்துப்போடும் வேலை நம்முடையதாகட்டும். அவர்கள் பிள்ளைகள் நம் தமிழ் வகுப்பில் நம் பிள்ளைகளின் பக்கத்தில் அமரட்டும். அடுத்த ஆண்டு விழாவில் அவர்கள் பந்தி பரிமாற வாராமல், பந்தியில் அமர வரட்டும்.

இளைஞர்களே! இந்நெறியைத் தொடங்கியோர் உங்கள் வயதினர். உங்களினும் குறைந்த கல்வியுடையவர். அவர்களால் இயன்றது உங்களால் இயலாதோ? நாளைக் காலை கதவு தட்டப்படும்போது எழுந்து சென்று திறவுங்கள். வந்தவரின் பெயரைக் கேட்டறியுங்கள். தொண்டு அங்கே தொடங்கட்டும்.

வாழ்க உழைப்பவர்! வளர்க நம் சங்கம்!